தில்லி என்னும் குரூஸர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் சிலம்பையும் குறளையும் பற்றிப் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர் கம்பனின் கங்கைப் படலத்தில் நம்மையெல்லாம் ஓடத்தில் ஏற்றி அழைத்துச் சென்றார். அந்த ஓடத்தினின்றும் உங்களை இறக்கி, ஏழாயிரம் டன் இரும்பில் ஏற்றிவிடும் பாவத்தை நான் செய்யப் போகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

போர்க்கப்பல் என்றதும் தமிழர்க்கு நினைவு வருவது ஒன்றே ஒன்று. அது எம்டன். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி இரவு, சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மானியக் குரூஸர் அது. சென்னையில் அது நின்றது அரைமணி நேரம்கூட இல்லை. ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் பேச்சில் நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. துடுக்கான பிள்ளையை 'எம்டன்' என்கிறோம். கண்டிப்பான மாமனாரையும் எம்டன் என்கிறோம், அவர் காதில் விழாதபடி.

ஆனால், நாம் குடியேறி வாழும் இந்தப் பம்பாய்த் துறைமுகத்தையே தாயகமாகக் கொண்டு, முப்பது ஆண்டுகள் ஒரு குரூஸர் நம் கண்ணெதிரே நின்றது. எம்டனைவிடப் பெரியது; எம்டனைவிட நெடுங்காலம் போர் கண்டது. அதன் பெயரை இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அறிவோம்? நானே அறியாதவனாகத்தான் இருந்தேன். 1970-களின் தொடக்கத்தில், சிறுவனாகிய என்னை என் தந்தையார் ஒரு மாலையில் அப்பல்லோ பந்தருக்கு அழைத்துச் சென்று, தொலைவில் சாம்பல் நிறமாய்த் தெரிந்த ஒரு கப்பலைச் சுட்டி, "அதுதான் தில்லி" என்றார். "தில்லி ஊரல்லவா?" என்றேன் நான். என் அறிவு அவ்வளவே.

குரூஸர் என்றால் என்ன என்று தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காலத்துக் கடற்படைகளில் பெரிய பாட்டில்ஷிப் என்பது கோயில் தேர் போன்றது. வலிமையில் நிகரற்றது, ஆனால் எளிதில் நகராது. டிஸ்டிராயர் என்பது சவாரிக் குதிரை. விரைந்து ஓடும், அடி தாங்காது. இரண்டுக்கும் இடைப்பட்டது குரூஸர். நெடுந்தூரம் தனித்துச் சென்று, வணிகக் கப்பல்களைக் காக்கவும் வேண்டும், பகைவனைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். வண்டி மாடு போலப் பாரமும் இழுக்க வேண்டும், பந்தயத்திலும் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் 'தில்லி'க்குப் பிறவிப் பெயர் அக்கிலீஸ். இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் என்னும் ஊரில் காமெல் லெயர்ட் கம்பெனியாரின் கட்டுந்துறையில், 1932 செப்டம்பர் 1-ஆம் தேதி நீரில் இறங்கியது. நீளம் 554 அடி. நம் உள்ளூர் மின்சார ரயிலின் எட்டுப் பெட்டிகளைக் கோத்து நிறுத்தினால் ஏறத்தாழ அந்த நீளம் வரும். 72,000 குதிரைசக்தி கொண்ட டர்பைன்கள் நான்கு உந்துவிசிறிகளைச் சுழற்றும்; மணிக்கு 32 கடல்மைலுக்கு மேல் ஓடும். ஆறு அங்குல வாயுடைய பீரங்கிகள் எட்டு, கூண்டுக்கு இரண்டாக நான்கு கூண்டுகளில். 1936-ஆம் ஆண்டு இதனை நியூசிலாந்துப் பகுதிக்கென இரவல் கொடுத்தது பிரிட்டன். மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நியூசிலாந்து இளைஞர்கள். ஆட்டுப்பண்ணையிலிருந்தும் பால்பண்ணையிலிருந்தும் வந்த பிள்ளைகள்.

1939 டிசம்பர் 13-ஆம் தேதி, தென் அமெரிக்காவில் பிளேட் ஆற்றுமுகத்துக்கு அப்பால் உள்ள கடலில், விடியற்காலையில் ஒரு புகை தெரிந்தது. அது ஜெர்மனியின் 'அட்மிரல் கிராப் ஸ்பீ'. ஒன்பது வணிகக் கப்பல்களை அது அதற்குள் மூழ்கடித்திருந்தது. அதன் தலைவர் லாங்ஸ்டோர்ப் அந்த ஒன்பது கப்பல்களிலும் ஓர் உயிரைக்கூட மாய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எம்டன் தலைவர் முல்லரைப் போல இவரும் பண்பாளர். பகைவனாயினும் பண்பைப் பண்பென்றே சொல்வோம்.

எதிரே நின்றவை மூன்று பிரிட்டிஷ் குரூஸர்கள்: எக்ஸெடர், அஜாக்ஸ், அக்கிலீஸ். கிராப் ஸ்பீயின் பெரும் பீரங்கி 11 அங்குலம். அது வீசும் குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 300 கிலோ. அக்கிலீஸின் குண்டு ஏறத்தாழ 50 கிலோ. ஒரே திசையில் நின்று எதிர்த்தால் மூன்றும் அழியும். எனவே, எக்ஸெடர் ஒருபுறமும் மற்ற இரண்டும் மறுபுறமுமாகப் பிரிந்து தாக்கின. கிராமத்தில் காட்டுப்பன்றியை நாய்கள் வளைப்பதைக் கண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். பன்றி ஒன்றின்மேல் பாயும்போது மற்றவை பின்னாலிருந்து கடிக்கும். அதே தந்திரம்தான். பன்றி முதலில் பாய்ந்தது எக்ஸெடர்மீது. அக்கப்பலில் மட்டும் 61 பேர் மாண்டனர்.

அக்கிலீஸின் தலைவர் பெயர் காப்டன் எட்வர்ட் பாரி. பறம்புமலைப் பாரி அல்லர். நம் சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த வணிகர் பாரியும் அல்லர். இவர் வேறு பாரி. இந்தப் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வரும்.

போர் தொடங்கி அரைமணி நேரம் கூட ஆகவில்லை. கிராப் ஸ்பீயின் குண்டொன்று அக்கிலீஸின் அருகே நீரில் விழுந்து வெடித்தது. அதன் இரும்புச் சில்லுகள் கப்பலைத் துளைத்துக்கொண்டு மேலே பாய்ந்தன. காப்டன் பாரிக்கு இரு கால்களிலும் காயம். அதைவிடக் கொடியது, மேலே இருந்த குறிபார்க்கும் கோபுரத்தில் நேர்ந்தது. எட்டுப் பீரங்கிகளுக்கும் கண் அந்தக் கோபுரமே. பகைவனின் தூரத்தையும் வேகத்தையும் கணித்து, எப்பக்கம் எவ்வளவு உயர்த்திச் சுட வேண்டும் என்று அங்கிருந்துதான் கூண்டுகளுக்குச் சொல்ல வேண்டும். பெட்டி போன்ற அந்தச் சிறிய இடத்தில் இருந்தவர்களுள் நால்வர் இறந்தனர். மற்றவர்களில் சிலர் காயமுற்றனர். சற்று நேரம் பின்பக்கத்து மாற்றுக் கோபுரம் பொறுப்பேற்றது. பிறகு பிணங்களுக்கு நடுவிலேயே இந்தக் கோபுரம் மீண்டும் வேலை தொடங்கியது.

அங்கே தொலைபேசிப் பொறுப்பில் இருந்தவன் ஒரு சிறுவன். கடற்படையில் அக்காலத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு 'பாய்' என்றே பதவிப்பெயர் வைத்திருந்தனர். அவன் நடுங்காமல், கோபுரத்தின் கட்டளைகளைப் பீரங்கிகளுக்கும் அவர்கள் மறுமொழியைக் கோபுரத்துக்கும் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். இதற்கிடையே கோபுரத்தில் இறந்தோர் பட்டியலில் அவன் பெயரும் கீழே பரவிவிட்டது. தான் சாகவில்லை என்று அவனே தொலைபேசியில் உரக்க மறுத்துக்கொண்டிருந்தானாம்! இது கதையன்று; காப்டன் பாரி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையிலேயே காணப்படுவது.

எண்பது நிமிடங்கள் நடந்த அந்தப் போரில் அக்கிலீஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. இங்கே கணக்குப் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். ஐம்பது கிலோ வீதம் ஆயிரம் என்றால் ஐம்பதாயிரம் கிலோ. அவ்வளவும் கப்பலின் அடிவயிற்றிலிருந்து மேலேறி, மனிதர் கைபட்டுப் பீரங்கிக்குள் போனவை. அடித்தளத்திலும் பாய்லர் அறையிலும் உழைத்தவர்கள் பகைவனைக் கண்ணால் கண்டிலர். வானத்தையும் கண்டிலர். சத்தத்தைக் கேட்டார்கள், கப்பல் அதிர்வதை உணர்ந்தார்கள், வேலையைச் செய்தார்கள்.

காயம்பட்ட கிராப் ஸ்பீ உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கிற்று. நடுநிலை நாடாகையால் 72 மணி நேரத்துக்குமேல் தங்க இடமில்லை என்றனர். வெளியே பெரும் படை காத்திருக்கிறது என்னும் வதந்தியைப் பிரிட்டிஷார் சாமர்த்தியமாகப் பரப்பினர். உண்மையில் காத்திருந்தவை மூன்றே குரூஸர்கள்; அவற்றுள் இரண்டு அடிபட்டுக் களைத்தவை. 17-ஆம் தேதி மாலை லாங்ஸ்டோர்ப் தம் மாலுமிகளை இறக்கிவிட்டுக் கப்பலைத் தாமே வெடிவைத்து மூழ்கடித்தார். மூன்றாம் நாள் பியூனஸ் அயர்ஸ் நகரில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார்.

நூல்கள் பெரும்பாலும் இங்கே அக்கிலீஸின் கதையை முடித்துவிடும். நான் முடிக்கப் போவதில்லை.

1943 ஜனவரி 5-ஆம் தேதி, பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவுக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் இதன்மீது பாய்ந்தன. பின்பக்கத்து இரண்டு கூண்டுகளில் மேலே உள்ள கூண்டின் கூரையைக் குண்டு ஒன்று பிளந்தது. பதின்மூவர் மாண்டனர். பழுது பார்க்கக் கப்பலை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைக்குக் கொண்டு சென்றார்கள்.

அங்கே, 1943 ஜூன் 22-ஆம் தேதி, எண்ணெய்த் தொட்டி ஒன்றில் பெரும் வெடிப்பு நேர்ந்தது. துறைத் தொழிலாளர் பதினால்வர் இறந்தனர். புகைக்கும் நெருப்புக்கும் நடுவே இறங்கி மற்றவர்களைக் காப்பாற்றிய மாலுமிகளுக்கு வீரப் பதக்கங்கள் கிடைத்தன.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். பிளேட் ஆற்றுப் போரில் இக்கப்பல் இழந்தவர் நால்வர். பழுது பார்த்த துறையில் இழந்தவர் பதினால்வர். புகழ்பெற்ற அந்த நால்வரின் பெயர்கள் போர்ச் சரித்திர நூல்களில் எல்லாம் வருகின்றன. சம்மட்டியும் வெல்டிங் விளக்கும் பிடித்த பதினால்வருக்கு ஒரு வரி கிடைக்கிறது. சில நூல்களில் அதுவும் இல்லை. ஒரு கப்பலின் போர்ப்பணி என்று எழுதும்போது எங்கே கோடு கிழிப்பது? பீரங்கி சுட்டவன் உள்ளே, பீரங்கியைப் பொருத்தியவன் வெளியே என்றா? பம்பாய்த் தமிழர்களாகிய நாம் கேட்காவிட்டால் இதை வேறு யார் கேட்பது? டாக்யார்டில், கோதியில், ரயில்வே ஒர்க்ஷாப்பில் கைகறுக்க உழைத்த குடும்பங்களல்லவா நாம்! போர்ட்ஸ்மத் வெடிப்புக்குப் பத்து மாதம் கழித்து, 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி, இதே பம்பாயின் விக்டோரியா துறையில் 'போர்ட் ஸ்டிக்கைன்' என்னும் கப்பல் வெடித்ததை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தீயணைக்கச் சென்ற வீரர் மட்டும் 66 பேர் மாண்டனர். அவர்களுக்காக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்பு நாளாக நினைக்கப்படுகிறது. அன்று துறையில் மூட்டை சுமந்து நின்றவர்களும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களுக்கென்று தனி நாள் இல்லை.

கப்பலுக்குத் திரும்புவோம். போர்ட்ஸ்மத்தில் உடைந்த கூண்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தார்கள். எட்டுப் பீரங்கி ஆறாயிற்று. 1945-இல் பிரிட்டிஷ் பசிபிக் படையுடன் சென்று போரின் முடிவையும் கண்டது.

பின் நாம் விடுதலை பெற்றோம். நம் கடற்படைக்கு ஒரு குரூஸர் வேண்டியிருந்தது. 1948 ஜூலை 5-ஆம் தேதி அக்கிலீஸ், 'தில்லி' என்னும் பெயருடன் நம் படையில் சேர்ந்தது. செப்டம்பர் 15-ஆம் தேதி பம்பாய் வந்து சேர்ந்தது. பாரி என்னும் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேனல்லவா? அதற்கு ஒரு மாதம் முன்னர், 1948 ஆகஸ்டு 14-ஆம் தேதி, இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் அதே எட்வர்ட் பாரிதான்! எந்தக் கப்பலின் மேடையில் கால்களில் இரத்தம் வழிய நின்றாரோ, அந்தக் கப்பலே வேறு பெயரும் வேறு கொடியும் தாங்கி அவர் தலைமையின்கீழ் வந்தது. நாடகத்தில் எழுதினால் நம்பமாட்டோம்.

அந்தப் பயணத்தில் கப்பலின் தலைவர் ஆங்கிலேயர். அவருக்கு அடுத்த நிலையில், எக்ஸிகியூடிவ் அதிகாரியாக நின்றவர் ராம் தாஸ் கடாரி. செங்கல்பட்டில் பிறந்தவர். 1927-இல் இந்தப் பம்பாயில் நின்ற 'டபரின்' பயிற்சிக் கப்பலில் முதல் அணியில் சேர்ந்து கடல்தொழில் கற்றவர். பின்னர் 1958 ஏப்ரலில், நம் கடற்படையின் தலைமைப் பதவியேற்ற முதல் இந்தியர் இவரே. அவர் வீட்டில் பேசிய மொழி எது என்று என்னைக் கேட்காதீர்கள். செங்கல்பட்டு மண்ணுக்கு அந்தப் பெருமையைத் தந்துவிட்டுப் போவோம்.

அடுத்த சில ஆண்டுகள் அமைதிக்காலப் பணிகள். 1950-இல் பிரதமர் நேருவை இந்தோனேசியாவுக்கு ஏற்றிச் சென்றது. 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாக் கப்பல் அணிவகுப்பில் ஸ்பிட்ஹெட்டில் நின்றது. 1956-இல் வெளிவந்த 'பிளேட் ஆற்றுப் போர்' என்னும் ஆங்கிலப் படத்தில் அக்கிலீஸாகத் தானே நடித்தது! திரையில் நீங்கள் காணும் அக்கிலீஸ் நம் தில்லியே. நடிகர்கள் ஆங்கிலேயர், கப்பலை ஓட்டியவர்கள் நம் மாலுமிகள். 1957-இல் 'மைசூர்' என்னும் இரண்டாவது குரூஸர் வந்தபின் முதன்மை அதற்குப் போயிற்று. 1971 போரில் மேற்குக் கடற்பிரிவின் கொடிக்கப்பல் மைசூரே.

ஆயினும் கிழவிக்கு இன்னொரு போர் பாக்கியிருந்தது. 1961 டிசம்பரில் கோவா, தாமன், டையூ ஆகியவற்றைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்க நம் அரசு முனைந்தபோது, டையூவின் கடற்புறம் தில்லிக்கு ஒதுக்கப்பட்டது. அப்போது அதன் தலைவர் காப்டன் நீலகண்ட கிருஷ்ணன். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உலகப் போரில் 1941-இல் பாரசீக வளைகுடாவில் காட்டிய வீரத்துக்காகப் பதக்கம் பெற்றவர். பத்தாண்டு கழித்து 1971-இல் விசாகப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்பிரிவை நடத்தியவரும் அவரே. டிசம்பர் 18-ஆம் தேதி, தில்லியின் ஆறு அங்குலப் பீரங்கிகள் டையூவில் இருந்த போர்த்துகீசியர் நிலைகளின்மீது முழங்கின. தரைப்படையும் விமானங்களும் மற்ற வேலையைச் செய்தன. மறுநாள் கோவா, தாமன், டையூ மூன்றும் நம் வசமாயின. 1939-இல் ஒரு நியூசிலாந்துப் பையன் எந்தப் பீரங்கிகளுக்குத் தொலைபேசியில் தூரம் சொன்னானோ, அந்தப் பீரங்கிகளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தமிழர் கட்டளையிட்டார். எம்டனைப் பேசும் நாம் இதைப் பேசுவதில்லை. அடித்தவன் பெயர் நினைவிருக்கிறது. நம்மவர் பெயர் நினைவில்லை.

பிறகு பயிற்சிக் கப்பலாயிற்று. 1969-இல் ஒருமுறை நியூசிலாந்துக்கும் போய் வந்தது. 1978 ஜூன் 30-ஆம் தேதி பம்பாயில் கொடி இறக்கினார்கள். உடைப்பவர்கள் வந்தார்கள். ஏழாயிரம் டன் இரும்பு என்னவாயிருக்கும்? கம்பியாயிருக்கும், தகடாயிருக்கும், செம்பூரிலோ முலுண்டிலோ யாருடைய வீட்டுக் கூரைக்குள் இருக்கிறதோ! நாம் வைத்துக்கொள்ளாததை நியூசிலாந்துக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். நம் அரசு அவர்களுக்கு அன்பளிப்பாகத் தந்த பின்பக்கத்துப் பீரங்கிக் கூண்டு ஒன்று, ஆக்லாந்து நகரில் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் வாயிலில் இன்றும் நிற்கிறது. 'தில்லி' என்னும் பெயர் மட்டும் இங்கே வாழ்கிறது. நம் மஸகான் கட்டுந்துறையிலேயே கட்டப்பட்ட டிஸ்டிராயர் ஒன்று 1997-இல் அப்பெயரைத் தாங்கிக் கடற்படையில் சேர்ந்தது.

இந்தச் சொற்பொழிவுக்குக் குறிப்புச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, தாராவியில் ஒரு முதியவரைப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் சொன்னார். திருநெல்வேலிப் பக்கம். தகப்பனார் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர். மகன் டாக்யார்டில் சேர்ந்தார். எண்பது வயதுக்கு மேலாகிறது. காது சற்று மந்தம். "அண்ணாச்சி, தில்லிக் கப்பலில் வேலை பார்த்தீர்களாமே?" என்று கேட்டேன். "பார்த்தேன் தம்பி" என்றார். என்ன வேலை? எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துருச் சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, கிரீஸ் போடுவது. உள்ளே இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டிவிடுவார்களாம்; மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவானாம். பதில் வராவிட்டால் இழுத்துவிட வேண்டும். "ஒரு நாள் நான் பாட்டுப் பாடிக்கொண்டே சுரண்டினேன். அவன் கூப்பிட்டது கேட்கவில்லை. அரைகுறையாய் வெளியே வந்து விழுந்தேன்" என்று சிரித்தார்.

போர்ட்ஸ்மத் பதினால்வரைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அதே கப்பலிலா? தொட்டிக்குள்ளேயா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் வேலை பார்த்த நாளெல்லாம் யாரும் அதைச் சொல்லவில்லையாம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பேச்சை மாற்ற எண்ணி, ஆக்லாந்தில் நிற்கும் பீரங்கிக் கூண்டைப் பற்றிச் சொல்லி, நான் கொண்டுபோயிருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"கடைசிக் கூண்டுதானே இது? அடியில் சுற்றுகிற பல்சக்கரத்துக்கு நான் கிரீஸ் போட்டிருக்கிறேன் தம்பி. இப்போது அதற்கு யார் போடுகிறார்களாம்?" என்றார்.